ஹெரால்டைத் தொடுவதற்கு முன்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் வழியாகத் தினமும் போய் வருகிற பலருக்கு, அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கார் தயாரித்தார்கள் என்பது தெரியாது. இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் மறைமலை நகருக்கு ஃபோர்டும் வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக்கு என்று ஒரு கார் கம்பெனி இருந்தது. யூனியன் கம்பெனி என்ற சென்னை நிறுவனமும் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு. அம்பாசடர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவிலிருந்து வந்தது. ஃபியட் பம்பாய் குர்லாவிலிருந்து வந்தது. ஹெரால்டு நம் ஊரில் பிறந்தது.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரை 1963-லேயே கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரைக் காரின் மேல் பொறித்துக்கொண்டிருந்தது சென்னைதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கார்களை நாம் நடத்தும் விதத்தைப் பார்த்தால் வருத்தமாகவும் இருக்கிறது. சில வண்டிகள் எடைக்குப் போயின. அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம், ஆசையாக எடுத்துச் 'சரி செய்கிறேன்' என்று சொல்லி, பழைய வண்டியில் பழையது எதுவுமே மிஞ்சாமல் செய்துவிடுவது.

என்னிடம் இருப்பது நான்கு கதவு ஹெரால்டு மார்க் 3. அதைப் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து வருகிறேன். பழைய காரை மீட்பது என்றால் புதிது போல ஆக்குவது என்று ஆரம்பத்தில் பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்வதற்கு இந்த வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1950-களின் நடுவில் கவென்ட்ரிக்காரர்களுக்கு ஒரு பெரிய சிக்கல். அவர்களுக்கு பாடி செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிய காரின் முழு பாடியையும் ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அந்தக் காலத்தில் மற்றவர்கள் எல்லாம் சேஸி என்கிற அடிச்சட்டம் தனியாக இல்லாத ஒற்றைக் கூடு பாடிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எதிர்த் திசையில் போனார்கள். தனியாக ஒரு சேஸி, அதன்மேல் பல இடங்களில் செய்து கொண்டுவந்த துண்டுகளைப் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. வடிவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜோவானி மிக்கெலோட்டி. 1959-இல் அவர்களுடைய இன்னொரு பிராண்டான டிரையம்ஃப் பெயரில், டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது.

இப்படி ஒரு நெருக்கடியால் வந்த அமைப்பு நமக்குப் பெரிய வரமாகிவிட்டது. போல்ட் போட்டுச் சேர்க்கிற கார் என்பதால் பெட்டிகளில் கொண்டுவந்து இன்னொரு நாட்டில் பூட்டுவது எளிது. துண்டு துண்டாக உள்ளூர்மயமாக்குவதும் எளிது. இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில் சென்னை ஆலை ஆண்டுக்கு ஆண்டு உள்ளூர்ப் பாகங்களைக் கூட்டிக்கொண்டே போனது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு வேண்டும் என்று கேட்டவர்கள் நம் குடும்பங்கள். 1968-இல் மார்க் 3 நான்கு கதவோடு வந்தது. அந்தக் கார் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அசல் வரைபடம் கவென்ட்ரியுடையது, பின்கதவு சென்னையுடையது. என் வண்டியின் பின்கதவைத் திறந்து மூடும்போது இந்த ஊர்த் தொழிலாளர்களின் யோசனை என் கையில் படுகிறது என்றே நினைத்துக்கொள்வேன்.

இன்ஜின் 948 சி.சி. நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 63 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76 மி.மீ. அதற்கு முன் ஸ்டாண்டர்ட் எய்ட்டில் இருந்த 803 சி.சி. இன்ஜினை, ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துக்கொண்டு போரை 58-லிருந்து 63-க்குப் பெரிதாக்கியது. அதிகச் சக்தி கிடையாது, மலையேற்றத்தில் பொறுமை வேண்டும். ஆனால் இந்த வண்டியில் பழகியவர்கள் மறக்காதது இரண்டு. ஒன்று, முன்பக்க பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் மடிந்து திறப்பது. மெக்கானிக் முன்டயரின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்னொன்று, 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடுவது. அது லண்டன் டாக்ஸி திரும்பும் அளவு. மயிலாப்பூர் மாட வீதிகளில் ஹெரால்டைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

பின்பக்கம்தான் வம்பு. குறுக்கே ஒற்றை பிளேட் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் ஆக்ஸில். நம் வழக்கப்படி ஆறேழு பேர் ஏறி உட்கார்ந்து பல ஆண்டுகள் ஓடினால் ஸ்பிரிங் தளர்ந்து, பின்சக்கரங்கள் கால் அகட்டி நிற்கிற குழந்தை மாதிரி நிற்கும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிக்கவே இல்லை. அதனால் அடுத்து வந்த கெசல் காரில் சென்னை ஆலை அதை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பழக்கமான ஒற்றை ஆக்ஸிலைப் போட்டது. கெசல் 1977 வரை சிறிய எண்ணிக்கையில் வந்தது. 1985-இல் ரோவர் எஸ்.டி.1 என்ற இங்கிலாந்துக் காரின் உடலில் பழைய வேன்கார்டு வழி இன்ஜினைப் போட்டு ஸ்டாண்டர்ட் 2000 என்று கொண்டுவந்தார்கள். அதன் விலைக்கு அந்த இன்ஜின் ஈடுகொடுக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே எல்லாம் முடிந்தது.

என் வண்டி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றது. அந்த வீட்டு அம்மா விலை பேசவே இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து நீட்டினார். "எங்க வீட்டுக்காரர் ஒரு ரசீதைக்கூடத் தூக்கிப் போட மாட்டார் தம்பி. வண்டி போற இடத்துக்கே இதுவும் போகட்டும்" என்றார். ஷோரூம் பில், ஒவ்வொரு ஆண்டு இன்ஷூரன்ஸ், டயர் வாங்கிய சீட்டு, எத்தனை மைலில் ஆயில் மாற்றினார் என்று எழுதிய சின்ன நோட்டு. பழைய கார் வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்ஜின் சுழலாமல் இறுகிப் போயிருந்தால் பிரித்துச் செய்துகொள்ளலாம், காகிதத்தைச் செய்ய முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்கும்போது அழுகைதான்.

அடுத்து ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவின் கீழ்ப்பக்கம், சக்கர வளைவு, டிக்கி தரை என்று தடவிக்கொண்டே போனால், தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கும் இடத்தில் நழுவும். விரல் கணுவால் தட்டினாலும் சத்தம் சொல்லிவிடும். ஹெரால்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சேஸியிலிருந்து இரண்டு பக்கமும் கைபோல நீளும் துணைச் சட்டங்கள். பாடி உட்கார்வதே அவற்றின் மேல்தான். கதவுக்கு அடியில் வெளியே தெரியும் 'சில்' தகடு துருப்பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், அது போல்ட்டில் கழற்றி மாட்டுவது. துணைச் சட்டம் அரித்திருந்தால் கதவுகள் கோணிக்கொள்ளும், சந்து ஒருபக்கம் அகலமாகும். வெளியே மினுக்கென்று பெயின்ட் அடித்து இதை மறைத்து விற்பது இன்றைக்கும் நடக்கிறது.

என் வண்டியில் இடதுபக்கத் துணைச் சட்டங்கள் இரண்டும் போயிருந்தன. டிக்கி தரையில் ஓட்டை. வெளிப் பெயின்ட் வெயிலில் வெளுத்து, கூரையில் சில இடங்களில் பிரைமர் தெரிந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனதும் டிங்கரிங் செய்கிற அண்ணன் சுற்றி வந்து பார்த்தார்.

"மொத்தமா சுரண்டித் தகட்டுக்குக் கொண்டுவந்திருவோம் தம்பி. பட்டி பார்த்து பி.யு. பெயின்ட் அடிச்சா கண்ணாடி மாதிரி வந்திரும்."

"வேண்டாம்ணே. கீழ மட்டும் பண்ணுங்க. மேல தொடாதீங்க."

"இவ்ளோ செலவு பண்ணிட்டு வண்டி பழசாவே இருந்தா பாக்குறவங்க என்னைத்தானே கேப்பாங்க?"

அவர் கேட்டது நியாயம். அவருடைய கைத்திறமை வெளியே தெரிவது பெயின்ட்டில்தான். அதனால் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினேன். வெயில் படாத அந்த இடத்தில் ஆலையில் அடித்த பெயின்ட் அதே நிறத்தில் இருந்தது. அதன் மேல் சுண்ணாம்புக் கட்டியில் யாரோ கிறுக்கிய ஓர் எண்ணும் இருந்தது. அசெம்பிளி லைனில் நின்ற ஒருவர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். மொத்தமாகச் சுரண்டினால் அதுவும் போகும். அண்ணன் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எந்த இடத்தில் கை வைப்பதற்கு முன்னாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் செய்தார்.

துணைச் சட்டங்களைப் புதிதாக மடித்து வெல்டிங் செய்தார். டிக்கி தரையில் அரித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டில் ஒட்டுப் போட்டார். கதவின் நசுங்கலைப் பட்டியால் நிரப்பாமல், உள்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டையை வைத்து வெளியே சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி எடுத்தார். தகட்டை நீட்டாமல் பழைய இடத்துக்கே கூட்டிவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. இன்று புதிய கார்களில் நசுங்கிய கதவைக் கழற்றி வேறு மாட்டிவிடுவதால் இளைஞர்களுக்கு அதைப் பழகவே வாய்ப்பு இல்லை. இந்தக் கைகள் இருக்கும்போதே அவர்களிடம் வேலை கொடுத்தால்தான் பக்கத்தில் நிற்கும் பையனும் கற்றுக்கொள்வான். வெளியே பிரைமர் தெரிந்த இடங்களில் மட்டும் பழைய நிறத்துக்குக் கலந்து தொட்டுவிட்டு, மீதியைக் காம்பவுண்ட் போட்டு மெருகேற்றினோம்.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் துரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கோயில்களையும் கட்டடங்களையும் பாதுகாக்க ஏற்பட்ட நெறிகளைத் தழுவியது அது. இருப்பதைக் காப்பாற்றுவது முதல் வேலை, தேவைக்கு மேல் கை வைக்காதே, மாற்றியதைக் குறித்து வை, புதிதாகப் போட்ட பாகத்தில் அடையாளம் வை என்கிறது. கலிபோர்னியாவில் பெபிள் பீச்சில் நடக்கும் கார் அழகுப் போட்டி பல காலமாகப் புதிதைவிடப் புதிதாக மின்னும் வண்டிகளுக்கே பட்டம் கொடுத்துவந்தது. 2024-இல் அங்கே முதல் பரிசு 1934-ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 ஒன்றுக்குப் போனது. பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்த வண்டி. உரிந்த பெயின்ட்டோடு, மீட்டமைக்கப்படாமல் அப்படியே வந்து நின்றது. அந்தப் போட்டியில் இப்படி ஒரு வண்டி முதல் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. செய்தி வந்த நாளில் அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய் அண்ணனிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டி இதைவிட நல்லா இருக்கே" என்றார்.

இதற்காக எதையும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்டதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிரேக் ரப்பர்கள், பிரேக் குழாய்கள், டயர், ஒயரிங் எல்லாம் புதிதாகத்தான் வேண்டும். பழைய ஒயரிங்கில் துணி சுற்றியிருப்பது அழகுதான், ஆனால் அது தீப்பிடிக்கும். ஹெரால்டில் இன்னொரு முக்கியமான இடம், முன்சக்கரத்தின் கீழே டிரன்னியன் என்கிற வெண்கல மரை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது செங்குத்தான இரும்புத் தண்டு அந்த மரைக்குள்தான் சுழல்கிறது. அதற்கு இ.பி. 90 கியர் ஆயில் போட வேண்டும். கிரீஸ் நிப்பிள் மாட்டும் இடம் இருப்பதால் பல பட்டறைகளில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் கெட்டியாகிவிடும், ஈரம் உள்ளே நின்று தண்டை அரிக்கும். ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே அந்த இரண்டு டிரன்னியன்களையும் கழற்றிப் பாருங்கள்.

பெட்ரோல் விஷயமும் இருக்கிறது. இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை. இந்தியாவில் அது 2000-இல் நின்றது. ஈயம் இல்லாவிட்டால் வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேயும். இன்ஜின் ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது லேத்தில் கொடுத்துக் கடினமான வால்வு சீட் போட்டுக்கொள்ளலாம். இப்போது 20 சதவீத எத்தனால் வந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊதவைத்துச் சிதைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்கவும் வைக்கும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாறுவதும், வண்டியை மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காமல் இருப்பதும்தான் வழி. வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். ஓடாத வண்டிதான் சீக்கிரம் கெடும்.

உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இல்லாவிட்டால் சென்னையில் யாரும் பழைய கார் வைத்திருக்க முடியாது. புதுப்பேட்டையில் ஹெரால்டு என்று கேட்டால் சிரிப்பார்கள். பாகத்தைக் கையில் எடுத்துப்போய்க் காட்டினால், 'இந்த மாதிரிதானே' என்று உள்ளே போய்த் தேடுவார்கள். லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் சாமான்கள் அந்தக் காலத்துப் பல வண்டிகளுக்குப் பொதுவானவை, அதனால் கிடைத்துவிடும். கிடைக்காதது கண்ணாடி ஓர பீடிங், விளக்கு வளையம், பேட்ஜ் போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு வண்டியை மதிப்பிடும்போது இவை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடாத இன்ஜினைவிடக் காணாமல் போன பேட்ஜுக்கு அதிகம் அலைய வேண்டியிருக்கும்.

எவ்வளவு விலை போகும் என்பதுதான் எல்லோரும் என்னைக் கேட்கிற முதல் கேள்வி. 2022-இல் 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹாவுட் கூப்பே என்ற மெர்சிடிஸ் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் மொத்தமே இரண்டுதான் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் நிற்கும் பழைய ஃபியட்டுக்கு லட்சங்களை எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழசு என்பதாலேயே விலை வராது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எவ்வளவு அசலாக இருக்கிறது, காகிதம் சரியாக இருக்கிறதா, இந்த நான்கும் சேர்ந்துதான் விலை. சாதாரணக் குடும்பக் கார்களில் முழு மீட்டமைப்புக்கு ஆகும் செலவு பெரும்பாலும் விற்கும் விலையைத் தாண்டிவிடும். லாபத்துக்காக இதில் இறங்க வேண்டாம் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மட்டும் மதிப்பைக் கவனமாகப் பேசுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். படங்களும் பில்களும் கையில் இருந்தால் பேச்சு நம் பக்கம் சாயும்.

சட்டமும் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, அசல் நிலையில் உள்ள வண்டிகளை விண்டேஜ் என்று வகைப்படுத்தியது. சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். புதுப் பதிவுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் அந்தப் பழைய மதராஸ் எண்களை யாரும் இழக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். சேஸியை வெட்டி டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகளை இந்த வகைக்குள் கொண்டுவருவது கஷ்டம். அந்தக் காலத்தில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து அப்படி மாற்றியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது பிழைப்பு. இன்றைக்கு ஏ.சி. வேண்டும், பவர் வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல ஹெரால்டில் மாருதி இன்ஜினை ஏற்றுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வசதிகளுக்கு எத்தனையோ கார்கள் கடையில் நிற்கின்றன.

என் வண்டியில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பிளேட்டுகளுக்குப் பழைய வளைவு கொடுக்க வேண்டும். இருக்கையில் அசல் ரெக்சின் தையல் விட்டிருக்கிறது. அதே ரெக்சினைப் பிரித்துத் தைத்துக் கொடுக்க ஒரு தையல்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாட்டிக்கொண்டு நிற்பது தகவலில்தான். இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கையேடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. நான்கு கதவு மார்க் 3-க்குச் சென்னை ஆலை கொடுத்த உதிரிப் பாகப் பட்டியல், பெயின்ட் நிறங்களின் பெயர்கள், பின்கதவு அளவுகள் எல்லாம் எங்கோ பரண்களில் கிடக்கின்றன, அல்லது அங்கே வேலை செய்த பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. உங்கள் அப்பாவோ தாத்தாவோ வண்டலூர் ஆலையில் வேலை பார்த்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஷாப்பில் இருந்தார், என்ன செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பழைய கையேடுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட வேண்டாம். நேரில் வந்து படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க நான் தயார்.